முதல் நூல் வாங்கியவர்

என் நாவலின் ஏழாவது அத்தியாயம் அச்சில் வரவில்லை. அதை எடுத்துவிடச் சம்மதித்தவள் நான்தான்.

மெர்போக் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்தடித்த ஓர் அக்காவின் கதை அது. களைக்கொல்லி அடிப்பவர்களுக்கு நிர்வாகம் கையுறையும் முகமூடியும் கொடுத்ததாம். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அவற்றை வெளியே விற்றுவிட்டார். மருந்து தெறித்து அக்காவின் இடது கண் போனது. ஆபீசில் போய்ச் சொன்னதும் மறுநாளே வேலையிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் இவ்வளவையும் சொன்னார்.

"என் பேரு வேணாம். நடந்தத மட்டும் போட்டுரு."

சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஆறு வருடம் எழுதினேன். நகரத்தில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும் ஒருவர் பதிப்பிக்க ஒப்புக்கொண்டார். அவருடைய உண்மையான வியாபாரம் தமிழ்ப்பள்ளிகளுக்கான பயிற்சி நூல்கள். ஆனாலும் நாவலை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "அழ வச்சிட்டியேம்மா" என்றார். ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடைக்கு வரச் சொன்னார்.

"ஏழாவது அத்தியாயத்த எடுத்துடலாம்மா."

"ஏண்ணே? அதுதானே உயிரு."

"தலைமை தாங்க ஒருத்தர ஏற்பாடு பண்ணிருக்கேன்ல, பெரிய காண்ட்ராக்டரு? அவருகிட்ட படிக்கக் குடுத்தேன். அந்த மண்டோர் அவருதானாம்."

மேசைமேல் கிடந்த அச்சுப்படியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கோவப்படல. 'இதெல்லாம் எதுக்கு இப்ப'ன்னு சிரிச்சாரு, அவ்ளோதான். ஆனா யோசிச்சுப் பாரு. கடையில நாவல் யாரு வாங்குறா? அவரு மேடையில பெரிய தொகை குடுத்து முதல் நூல் வாங்குனாத்தான் அச்சுச் செலவு கைக்கு வரும். பள்ளி வாரியத்துலயும் அவரு இருக்காரு. என் பயிற்சி நூலு உள்ள போகணும்லா? நானும் கடைய நடத்தணும்மா."

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை. அழைப்பிதழ் ஏற்கெனவே எல்லார் வாட்சாப்பிலும் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து, "சரிண்ணே" என்று குரல்பதிவு அனுப்பினேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு மகனின் காரில் மண்டபத்துக்கு வந்துவிட்டார். மேடையில் காண்ட்ராக்டருக்கு மாலை போட்டார்கள். பண உறையைக் கொடுத்து முதல் நூலை வாங்கிக்கொண்டவர், தோட்டத்துப் பெண்களின் தியாகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். மூன்றாவது வரிசையில் அக்கா அசையாமல் இருந்தார். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு மெர்போக் போனேன். மருமகள் புத்தகம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தாள்.

"நான் எங்க இருக்கேன் இதுல?"

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டதைச் சொன்னேன்.

"அந்த மண்டோரு எடுக்கச் சொன்னானா?"

"அவருக்காகப் பதிப்பாளரு சொன்னாருக்கா."

"நீ சரின்னுட்டியா?"

தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் பின்பக்கம் போனார். நான் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுத்ததே இல்லை.

அந்த அத்தியாயத்தைத் தனியாக வெளியிட அனுமதி கேட்டேன். ஒப்பந்தத்தை எடுத்து விரித்தார் பதிப்பாளர். எழுத்து முழுவதன் உரிமையும் அவருக்கே என்றிருந்தது. "ரெண்டாம் பதிப்புல பாப்போம்மா" என்றார். முதல் பதிப்பே கடை மாடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. மெர்கோங்கில் இன்னொரு பதிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். நின்றபடியே படித்து முடித்துத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாருக்கு தங்கச்சி. ஆனா எங்க புத்தகமும் உன் பதிப்பாளரு கடையிலதான் விக்குது."

நானே நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் இல்லை.

இப்போது அதே பதிப்பாளருக்கு ஆறாம் ஆண்டுக் கட்டுரைப் பயிற்சி நூல் எழுதிக் கொடுக்கிறேன். நன்றாகப் போகிறது. என் சொந்த எழுத்துக்கென்று உட்கார்ந்தால், இதற்கு யார் தலைமை தாங்குவார், யாருக்கு இது உறுத்தும் என்ற யோசனைதான் முதல் வரிக்கு முன்னால் வந்து நிற்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடிவிடுகிறேன்.