நாலும் சிவப்பு

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். அது தெரிந்தே பொய் சொல்லி விமானி ஆனேன். இன்றும் ஓட்டுகிறேன்!

நீங்கள் சிரிக்கலாம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவளுக்கா நிறம் தெரியாது? என் அப்பாவுக்கும் தெரியாது. நூலை எடுத்ததும் அம்மாவிடம் நீட்டுவார்.

"இன்னாமே, இது பச்சையா, அரக்கா?"

"என்னைக் கட்டிக்கினப்போ நான் இன்னா கலரு புடவையில இருந்தேன்னாவது தெரியுமா உனக்கு?"

அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவருக்குக் கேட்பதில் வெட்கமில்லை. எனக்கு இருந்தது... எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்றிருந்தேன்.

விமானிகளுக்கான கண் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டுவார்கள். அதே அட்டைகள் உள்ள புத்தகத்தை வாங்கி, ஒரு தோழியை வாசிக்கச் சொல்லி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். படித்தவள் அல்லவா!

ஐம்பது பேர் ஏறும் சிறிய ஜெட்டில் துணை விமானியாகச் சேர்ந்தேன். விமானி அறைக்குள் எந்த விளக்கு எதற்கு என்பதை அது எரியும் இடத்தை வைத்தே அறிந்துகொண்டேன். வெளியே இருந்த விளக்குகளை என்ன செய்வது?

ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் உயரம் சரி. நான்கும் சிவப்பென்றால் மிகவும் தாழ்ந்துவிட்டோம்.

அன்று மாலை லேசான புகைமூட்டம். நான்தான் இறக்கிக்கொண்டிருந்தேன். புகையில் வெள்ளையும் எனக்குச் சிவப்பைப் போலவே மங்கிவிடும்; நான்கும் ஒரே பழுப்பு. சரியாகத்தான் இருக்கும் என்று... ஆம், ஊகித்தேன்! ஐம்பது உயிர்களை வைத்துக்கொண்டு!

கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் தலை நிமிர்ந்தார். "நாலும் சிவப்பும்மா! ஏத்து!"

என் கை அசையவில்லை. அவர் பாய்ந்து பிடித்து ஏற்றப் பார்த்தும், ஓடுபாதைக்கு முன்பிருந்த மண்ணில் மோதினோம். சக்கரங்கள் வெடித்தன. யாரும் சாகவில்லை.

விசாரணையில் அவர், "கடைசியில் விமானம் என் கையில்தான் இருந்தது" என்றார். விளக்குகள் தெரிந்தனவா என்று என்னைக் கேட்டார்கள். "புகைமூட்டம்" என்றேன். பழி முழுவதும் அவர்மேல் விழுந்தது; அந்த ஒரே சொல்லோடு அவருடைய பறக்கும் வாழ்க்கை முடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறு வருடம் மகளின் கல்யாணப் புடவைக்காகக் காஞ்சிபுரம் வந்தார். காந்தி ரோட்டுக் கடைக்கு என்னையும் அழைத்திருந்தார்.

"நெசவு வீட்டுப் பொண்ணு. உன்னைவிட யாருக்கும்மா தெரியும்? என் பொண்ணு பச்சைதான் வேணும்ங்கறா. எடு."

விரித்துப் போட்டிருந்தவற்றில் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

அவர் புடவையைப் பார்த்தார். பிறகு என்னை.

"இது அரக்கும்மா..."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது... "கடையில வெளிச்சம் போதலை சார்" என்றேன்.

அவர் மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். வரிசையாகக் குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பச்சையைத் தாமே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யாரிடமாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை?

நாளைக் காலையும் எனக்கு விமானம் இருக்கிறது. அதில் நீங்களும் இருக்கலாம்.