மோட்டார் பஸ்ஸில் ஜிம்மி

இன்னிக்கு வாணியம்பாடியிலேர்ந்து வேலூருக்கு மோட்டார் பஸ்ல வந்தேன். கூடவே என் நாய் ஜிம்மி. அவனுக்கு இதுதான் முதல் பயணம்.

காலடியில கோணி விரிச்சேன், தண்ணி காட்டினேன், கழுத்தைத் தடவினேன். ஒண்ணும் எடுபடலை. ஒரே ஊளை.

கண்டக்டர் வந்தார். “இன்னாங்க இது பேஜாரு? ஆம்பூர் வர்றதுக்குள்ள அடங்கலேன்னா ரெண்டு பேரையும் இறக்கி விட்டுடுவேன்.”

ஆம்பூரும் வந்துடுச்சு. ஊளை நிக்கலை. நான் மூட்டையைக் கையில எடுத்துட்டேன்.

அப்போ தோல் பதனிடற ஷாப்புல வேலை முடிஞ்ச ஒருத்தர் ஏறி என் பக்கத்துல உட்கார்ந்தார். சுண்ணாம்புத் தொட்டி நாத்தம் பஸ் முழுக்க. எல்லாரும் மூக்கைப் பொத்தினாங்க. பொய் சொல்லலை, நானும்தான்.

ஜிம்மி மட்டும் அவர் காலை மோந்து பார்த்தான். ஊளை நின்னுடுச்சு. பாதத்து மேலயே தலையை வெச்சுத் தூங்கிட்டான். அவன் பொறந்ததே ஒரு தோல் ஷாப்பு வாசல்லதானே!

வேலூர் வரைக்கும் அவர் காலை அசைக்கவே இல்லை. இறங்கும்போது சிரிச்சார்.

“வாரா வாரம் இதே பஸ்லதான் ஊருக்குப் போறேன். எங்கிட்ட ஒட்டி உட்கார்ந்த மொத ஆளு இவன்தாங்க.”

என் கை அப்பவும் மூக்குலதான் இருந்தது.

ஜிம்மியோட திரும்பி வரணும். அவர் ஆம்பூருக்குத் திரும்பற பஸ் எதுன்னு தெரிஞ்ச சிநேகிதங்க ஒரு கார்டு போடுங்க. மூக்கை நான் பார்த்துக்கறேன்.