ஆட்சேபனை இல்லை

லண்டனில் ஒரு நீதிபதிக்கு உதவியாளராக இருந்துவிட்டுப் பெரிய சட்ட நிறுவனமொன்றில் சேர்ந்தேன். அந்த அனுபவத்துக்கென்றே, சேரும்போது தனியாக போனஸ் தந்தார்கள். முதல் வாரமே மேலதிகாரி, "அந்த நீதிபதியிடம் எந்த வாதம் எடுபடும்?" என்று கேட்டார். நீதிபதியின் அறையில் காதில் விழுந்ததையெல்லாம் பெருமையாகக் கொட்டிவிட்டேன்.

வழக்கு, லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் ஒரு தமிழரைக் கடையிலிருந்து வெளியேற்றுவது. நாங்கள் கட்டட உரிமையாளர் பக்கம். விசாரித்தவர் அதே நீதிபதி; என்னைக் கண்டதும் சிரித்தார்.

"இவர் என் பழைய உதவியாளர். என் அறையில் பேசியதை வெளியே சொல்லும் ஆளல்ல. இருந்தாலும் கேட்கிறேன், நான் இந்த வழக்கை விசாரிப்பதில் யாருக்காவது ஆட்சேபனையா?"

கடைக்காரரின் வக்கீல் அவரிடம் குனிந்து கேட்டுவிட்டு, இல்லையென்றார்.

இடைவேளையில் கடைக்காரர் என்னிடம் வந்தார். "தம்பி, எங்கட பிள்ளை, பிழை விடாது எண்டுதான் நான் ஓம் எண்டனான்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"நன்றி அண்ணை" என்றேன்.