ஓரத்தில் நின்று பாடியவள்

“கோட்டைக் கழட்டாதீங்க, அப்படியே வாங்க,” என்று யோரிஸ் மேடைப் படிக்கட்டில் ஓடினான். ஃப்ராவ்கே பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். ரயிலில் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையை மிச்சம் பிடிக்க வேண்டும்.

காலையில் ஏஜெண்ட் போன் செய்திருந்தார். துரிங்கியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் ஓபராவில் விதவை வேடக்காரிக்குக் குரல் போய்விட்டது. மதியம் மூன்று மணிக்குத் திரை தூக்க வேண்டும். அந்த வேடம் பாடமாகி, அன்றைக்குச் சும்மாவும் இருந்தவள் ஜெர்மனியில் ஃப்ராவ்கே ஒருத்திதான். சும்மா இருப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

“அங்க உங்க குரலுக்கு ஒரு நிரந்தர இடம் காலி. லூட்கே கேக்க வருவார். பாடி முடிச்ச கையோட கிளம்பிடாதீங்க,” என்றும் ஏஜெண்ட் சொல்லியிருந்தார்.

லூட்கே அந்த அரங்கின் தலைவர். ஃப்ராவ்கேவுக்கு முப்பத்தொன்பது வயது. இசைக் கல்லூரியில் நல்ல பெயர் வாங்கியவள். அவளுடைய கனத்த கீழ்க்குரலுக்கு ஓபராவில் தாய், விதவை வேடங்கள்தான். இருபத்தெட்டில் குரல் தேர்வுக்குப் போனால், தாய் வேடத்துக்கு வயது போதாது என்றார்கள். இப்போது போனால், தாய் வேடத்துக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது என்கிறார்கள். நடுவில் ஒரு வருடம்கூடச் சரியான வயதாக இருந்ததில்லை.

“ஒத்திகைக்கு நேரமில்ல. நீங்க ஓரமா நின்னு பாடுங்க, நான் நடிக்கறேன்,” என்றான் யோரிஸ். உதவி இயக்குநர். விதவையின் கறுப்புக் கவுன் அவனுக்கு முழங்காலோடு நின்றுவிட்டது.

“தாடியோடவா?”

“முக்காடு போட்டுக்குவேன்.”

இசை நடத்துநர் ஓடிவந்து அவளுடைய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். “இந்த ரெண்டு பக்கம் எங்க ஊர்ல கிடையாது. வெட்டியாச்சு.”

“அதுதாங்க எனக்கு நல்லா வர்ற எடம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க,” என்று பென்சிலால் கோடு போட்டார்.

திரை உயர்ந்தது. மேடை ஓரத்தில், இசைக் குறிப்பைத் தாங்கும் கம்பிக்குப் பின்னால், ஃப்ராவ்கே நகராமல் நின்று பாடினாள். நன்றாகவே பாடினாள். கடைசிக் காட்சியில் யோரிஸ் அவசரப்பட்டு முன்னதாகவே செத்து விழுந்தான். பிணத்துக்காக அவள் இன்னும் கொஞ்சம் பாட வேண்டியிருந்தது. சபை சிரித்தது. முடிவில் அவளுக்கும் கைதட்டினார்கள். யோரிஸ் முக்காட்டை விலக்கித் தாடியைக் காட்டியபோது எழுந்து நின்று தட்டினார்கள்.

அரங்கின் கேண்டீனில் அவள் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது லூட்கே பியர் கோப்பையோடு வந்தார்.

“மானத்தைக் காப்பாத்திட்டீங்க. என்ன குரல்!”

“அந்தக் காலி இடம், சார்…”

“தேர்வுப் பட்டியல்ல உங்க பேரையும் சேத்தாச்சு. வந்து பாடிக் காட்டுங்க.”

“இப்ப முழு ஓபரா பாடினேனே.”

“குரல்ல சந்தேகமே இல்லம்மா. ஆனா மேடையில நீங்க எப்படி நடிப்பீங்கன்னு நாங்க பாக்கலியே. யோரிஸைத்தானே பாத்தோம்?”

“நகராதேன்னு சொன்னதே உங்க ஆளுங்கதானே!”

“வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க?” உண்மையாகவே கேட்டார்.

“அப்ப அந்த வேலைய எனக்குக் குடுத்துடுங்க,” என்றான் அதே மேசையில் உட்கார்ந்திருந்த யோரிஸ். மேசையே சிரித்தது. ஃப்ராவ்கே கரண்டியைத் தட்டில் சத்தமாகப் போட்டாள்.

“நீ மொதல்ல ஒழுங்கா சாகக் கத்துக்கோ.”

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் ஃப்ராவ்கே தன் ஊர் மயானத்தில் ஒரு சவ அடக்கத்தில் பாடினாள். மழை பெய்ததால் ஒரு பாட்டோடு நிறுத்தச் சொன்னார்கள். பிற்பகல் பாட்டு வகுப்புக்கு இரண்டு பெண்கள் வர வேண்டும், ஒருத்திதான் வந்தாள். மாலையில் ஏஜெண்ட் அழைத்தார். தேர்வு அடுத்த மாதம், ஐந்து பாட்டுகள் தயாராக இருக்க வேண்டும், முப்பது பேர் வருகிறார்கள். அவள் வருவதாகச் சொன்னாள். பிறகு மயானத்தில் நனைந்த கறுப்பு உடையைத் துவைத்துக் காயப்போட்டாள்.