குழிகள் நிரம்பிய பிறகு வரும் தண்ணீர்

எங்கள் நைனா பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றங்கரை வீட்டில் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தவர். அந்தக் கரையிலேயே நெல்லும் கரும்பும் பயிரிட்டு எங்களை ஆளாக்கினார். தங்கையை, அதாவது எங்கள் அத்தையை, ஆந்திரப் பக்கம் இதே ஆற்றின் அணைக்குக் கீழே உள்ள ஊரில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

மேற்கே வானம் கறுத்தால் நைனாவுக்குச் சோறு இறங்காது. "உங்க நைனா உக்காந்த எடம் எதுன்னு கேட்டா ஊர்ல ஒருத்தராலயும் காட்ட முடியாதும்மா" என்பார்கள். அணையைத் திறந்ததும் அத்தை போன் செய்வார். உடனே நைனாவின் மொபெட் கிளம்பிவிடும். ஆடு மேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், தரைப்பாலத்தில் போகிறவர்கள் என்று எல்லோரையும் மேலே ஏற்றிவிடுவார்.

ஒருமுறை சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வரவில்லை. மதியம் தாண்டியும் மணல் காய்ந்தே கிடந்தது. நைனா பாலத்தின் குறுக்கே மொபெட்டை நிறுத்தியிருந்தார்.

"இன்னா பெரியவரே, உங்க தங்கச்சி தண்ணிய தபால்ல போட்டுட்டாங்களா?" என்றார் ஆட்டுக்கார அண்ணன். கூட்டமே சிரித்தது.

"சிரிச்சிகினே நில்லு தம்பி. ஆனா நில்லு."

அவர் நிற்கவில்லை. ஆடுகளை ஆற்றில் இறக்கிவிட்டார். பாதி மணலில் போகும்போது மேற்கே இரைச்சல் கேட்டது. நைனா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். இரண்டு ஆடுகளைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. கரையேறியும் நைனா மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சி, சரி. ஏன் இவ்ளோ லேட்டு?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளம் வடிந்ததும் ஆற்றுக்குள்ளேயே மேற்கு நோக்கி நடந்தார். நானும் கூடப் போனேன். மணல் அள்ளிய குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீர் நிறைந்து கிடந்தன.

"பாரும்மா, மொதல்ல இதுங்கள ரொப்பிகினுதான் வருது. அதுக்குள்ள ஜனங்க பொய்னு நெனச்சி எறங்கிடறாங்க."

அதன்பின் நைனாவின் அலைச்சல் இன்னும் கூடியது. மணல் வண்டிகளுக்கு முன்னால் போய் நின்றார். ஓட்டி வந்தவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். திட்டமாட்டார். "உங்கம்மா துணி தொவைக்கிற எடம்டா இது" என்பார். சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் வேறு வழியாக இறங்கினார்கள். குழிகள் இன்றும் இருக்கின்றன.

கடைசி நாட்களில் திருத்தணி ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்த கட்டிலிலிருந்து முருகன் மலை தெரியும். கும்பிடச் சொன்னால் கும்பிடுவார். கையை இறக்குமுன் கேட்பார்: "உங்கத்தை போன் பண்ணாளா?"

பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட ஆர்.கே.பேட்டை மாமாவுக்கும், தோள் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும், இப்போது என்னோடு பாலத்தில் வந்து நிற்கும் ஆட்டுக்கார அண்ணனுக்கும் எங்கள் நன்றி. நைனாவின் போனை நான்தான் வைத்திருக்கிறேன். அத்தை இன்னும் அதற்கே கூப்பிடுகிறார். "அண்ணா" என்று ஆரம்பித்துவிட்டு, "தண்ணி வுட்டுட்டாங்கம்மா" என்பார்.

முதலாண்டுத் திதிக்கு வரும் சொந்தங்களே, அன்றைக்கும் அந்த போன் வந்தால் யாரும் பாலத்தில் இறங்க வேண்டாம். வீட்டில் சோறு இருக்கிறது, இருந்து சாப்பிடுங்கள். இன்னும் தண்ணீரைக் காணோமே என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். குழிகள் நிரம்பிக்கொண்டிருக்கும்.