சம்மதத்துக்கு முன் ஒரு மௌனம்

ஊரார் கல்யாணங்களை நடந்ததைவிட அழகாக்கிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவள், யாரைத்தான் நம்புவாள்?

ஞானசுந்தரி யாரையும் நம்பவில்லை. ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு மாடி அறை. கணவன் ஜெயகரன் எடுத்து வரும் கல்யாண வீடியோக்களை அவள் எடிட் செய்தாள். சிடுசிடுத்த மாமியார்களையும் பந்தியில் மூண்ட சண்டைகளையும் வெட்டிவிட்டுப் பாட்டுப் போட்டு மூடுவாள். வேலை சுத்தமாக இருக்கும். அதற்குமேல் புகழ ஒன்றுமில்லை. யார் சிரித்தாலும், சிரிப்பதற்கு முந்தைய நொடியில் அந்த முகம் எப்படி இருந்தது என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

அபினேஷ் சிரித்துக்கொண்டுதான் வந்தான். ஷூ கம்பெனி சூப்பர்வைசர். அவனுடைய சர்ச் கல்யாண வீடியோவை அவள் எப்போதோ முடித்துக் கொடுத்திருந்தாள். போதகர் "சம்மதமா?" என்று கேட்டதும் மணப்பெண் இவாஞ்சலின் சற்று நேரம் பேசாமல் நிற்பாள், பிறகுதான் "சம்மதம்" என்பாள். அந்த இடைவெளியை எடுத்துவிட வேண்டும் என்றான்.

எல்லாவற்றையும் அழித்தாயிற்று, முடிந்த வீடியோ மட்டும்தான் இருக்கிறது, அதில் பேச்சும் இசையும் ஒன்றாகக் கலந்துவிட்டன, நடுவில் வெட்டினால் இசை எகிறும் என்றாள். அழித்தாயிற்று என்பது பொய். திருத்தம் கேட்டு வருகிறவர்களிடம் இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற பொய்.

"எகிறட்டும்க்கா. பொண்ணுக்கு இஷ்டமில்லியான்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. பேஜாரா இருக்கு."

"இத்தினி நாளா கேக்காதவங்க இப்ப இன்னாத்துக்கு கேக்கறாங்க?"

அவன் சிரிப்பு நின்றது. வெட்டி வையுங்கள் என்று பென் டிரைவை வைத்துவிட்டுப் போனான்.

பெண்ணுக்கு விருப்பமில்லை, அதைத்தான் மறைக்கிறான் என்று அவள் முடிவுகட்டினாள். மறுநாள் இவாஞ்சலினே வந்தாள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெட்டிவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டாள். கல்யாணத்தன்று காலையில் மாமியார், இனி வேலைக்குப் போகக் கூடாது என்றாராம். போதகர் சம்மதமா என்றதும், அங்கே நின்றபடியே, வேலையை விட வேண்டுமா என்று அபினேஷிடம் மெல்லக் கேட்டாளாம்.

"வேணாம், நான் பாத்துக்கறேன்னாருக்கா. அதக் கேட்டுதான் சம்மதம்னேன். இப்ப அப்பிடிச் சொல்லவே இல்லன்றாரு. வேலைய விட்டுட்டதா எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. அந்தப் பேச்சு உங்ககிட்ட இருக்குமா?"

இவள் ஜோடித்துச் சொல்கிறாளோ? எல்லாவற்றையும் அழித்தாயிற்று என்று ஞானசுந்தரி அதே பொய்யைச் சொன்னாள்.

"அப்பிடிச் சொல்லச் சொல்லி அவர் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு இவாஞ்சலின் எழுந்து போனாள்.

மாப்பிள்ளையின் கோட்டில் குத்தியிருந்த சின்ன மைக்கின் பதிவு கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ஞானசுந்தரி போட்டுக் கேட்டாள். பெண்ணின் கிசுகிசுப்பு. பிறகு அவன் குரல்: "வேணாம், நான் பாத்துக்கறேன். சொல்லு." அதன்மேல் ஆர்கன் இசையைப் போட்டு மூடியவள் அவளேதான்.

முடிந்த வீடியோவில் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, இசையில்லாத பழைய துண்டை வைத்தாள். கிசுகிசுப்பு தெளிவாகக் கேட்கும்வரை சத்தத்தைக் கூட்டினாள். மௌனத்தை ஒரு நொடிகூடக் குறைக்கவில்லை. மறுபடி ரெண்டர் போட்டு முழு வீடியோவாக்கினாள்.

அபினேஷ் வந்தபோது ஹெட்போனைக் கொடுத்துக் கேட்க வைத்தாள். அவன் தலை நிமிரவில்லை. வீடியோவை அவனுடைய பென் டிரைவில் ஏற்றினாள். பிறகு அவன் பார்க்கும்படி, கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் நிஜமாகவே அழித்தாள்.

"இனிமே இது ஒண்ணுதான் இருக்கு" என்று அவன் கையில் கொடுத்தாள். இவாஞ்சலினுக்குப் பிரதி வைக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் அல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்று ஜெயகரன் பலமுறை கேட்டுப் பார்த்தான். "சொன்ன சொல்ல அவரே காப்பாத்தட்டும். ஒருத்தரையாச்சும் நம்பிப் பாக்கறேன்" என்றுவிட்டு அடுத்த கல்யாணத்தை எடிட் செய்யத் தொடங்குவாள்.