தம்பிக்கு நான் வாங்கிய சான்றிதழ்

சீ, என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. தம்பிக்கு மூளையில் பாதிப்பே இல்லை என்று டாக்டரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி எழுதி வாங்கியவள் நான்தான்.

குடோனில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மேலடுக்கிலிருந்து பெட்டி சரிந்து தலையில் விழுந்தது. ஒன்பது நாள் நினைவே இல்லை. எழுந்து நடமாடத் தொடங்கியதும் மேனேஜர், "டாக்டர் லெட்டர் இருந்தாத்தான் வண்டியைத் தொடலாம்" என்றார். டாக்டரோ, முன்மூளையில் பலத்த அடி, ஆறு மாதமாவது பொறுங்கள் என்றார். நானா கேட்பேன்? வேலை போய்விட்டால் அவனை யார் மதிப்பார்கள் என்று அழுது தீர்த்தேன். தொல்லை விட்டால் போதுமென்று எழுதிக் கொடுத்தார், மகராசன்! அவர் எழுத்து மருந்துக் கடைக்காரனுக்கே புரியாது. அந்த லெட்டர் மட்டும் முத்து முத்தாக இருந்தது.

அடிபடும்வரை அவன் வாயில்லாப் பூச்சி. ஆறிப்போன டீயைக்கூட ஒன்றும் சொல்லாமல் குடிப்பான். பிறகு சாப்பாட்டுத் தட்டு சுவருக்குப் பறந்தது. பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து அவன் சொன்னதை என் வாயால் சொல்ல மாட்டேன். "கொழுப்பு" என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் அதையேதான் சொன்னேன். ஒருநாள் குடோனில், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்ன காவலாளியை இரும்புக் குழாயால் அடித்தான். பாவம், அந்த மனிதருக்கு ஒரு கண் போயிற்று.

கோர்ட்டில் எங்கள் வக்கீல் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் காட்டி, ஜெயிலுக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பும்படி கேட்டார். அரசு வக்கீல் நான் வாங்கிய லெட்டரை எடுத்து வாசித்தார். பின்வரிசையில் மேனேஜர் பல் குத்திக்கொண்டிருந்தார். கருமம்!

நான் எழுந்து கூண்டருகே போனேன். "ஐயா, அது பொய். நான்தான் கெஞ்சி வாங்கினேன். அடிபட்டதுக்கு அப்புறம் இவன் பழைய ஆளே இல்லீங்க."

கூண்டிலிருந்து தம்பி கத்தினான். "யாருக்குடி கிறுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல! வம்பு பண்ணான், அடிச்சேன். இன்னொரு கண்ணையும் எடுத்திருக்கணும்!"

அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன், என் முகத்தில் காறித் துப்பினான்.

துடைத்துக்கொண்டேன். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும், இப்போதாவது புரிந்திருக்கும் என்று நீதிபதியைப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியது என்னவென்று தீர்ப்பன்றுதான் தெரிந்தது: செய்த குற்றத்துக்குத் துளியும் வருந்தாதவர், ஏழு ஆண்டு சிறை.